ஆயுத பூஜைக்கு மறுநாள் ஓர் ஆப்பிள் கிரம்பிள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சென்னையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பழம் குவிந்திருக்கும். சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தது, ஆபீஸில் பொரி கடலையோடு பையில் போட்டுக் கொடுத்தது, வண்டி விடுகிற ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்தது, கொலுவுக்குப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது என்று நாலா பக்கமிருந்தும் வந்து சேரும். ஆப்பிள், கொய்யா, பேரிக்காய், சாத்துக்குடி, மாதுளை, அப்புறம் ஒரு சீப்பு பூவன்.

பூவன் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மாதுளையை யாராவது பொறுமையாக உரித்துக் கிண்ணத்தில் போட்டு வைத்தால் பிள்ளைகள் போகிற போக்கில் அள்ளித் தின்றுவிடுவார்கள். சாத்துக்குடி ஜூஸாகிவிடும். கடைசி வரை நிற்பது ஆப்பிளும் பேரிக்காயும்தான். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒரு வாரம், பத்து நாள் கிடந்து, தோல் சுருங்கி, கடைசியில் யாருக்கும் வேண்டாத பழமாகப் போய்விடும். மில்க்‌ஷேக் போடலாம், ஃப்ரூட் சாலட் செய்யலாம். ஆனால் வெளியே மழை பெய்து தரை ஜில்லென்று இருக்கும்போது ஃப்ரூட் சாலட் கிண்ணத்தை யாரும் ஆசையாகக் கேட்பதில்லை. அந்தப் பழங்களைச் சூடாகச் சாப்பிட ஒரு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது அது நவராத்திரியின் பத்தாம் நாள் பண்டம் மாதிரியே ஆகிவிட்டது.

கிரம்பிள் என்பது இவ்வளவுதான்: நறுக்கிய பழத்தைக் கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்து ஒரு தட்டில் பரப்ப வேண்டும். மாவில் வெண்ணெயைப் பிசிறி, சர்க்கரை கலந்து, உதிரியாக அதன்மேல் தூவ வேண்டும். பிறகு ஓவன். கீழே பழம் வெந்து குழைந்து பாகோடு இருக்கும், மேலே மாவு பொன்னிறமாக மொறுமொறுவென்று இருக்கும். அடிக்க வேண்டாம், பொங்க வேண்டாம், முட்டை வேண்டாம். ஓவன் வாங்கி முதல் கேக் சரியாக வராமல் அதை மூலையில் வைத்துவிட்ட வீடுகள் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கின்றன. அவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது இதைத்தான்: கேக்கில் ஆரம்பிக்காதீர்கள், கிரம்பிளில் ஆரம்பியுங்கள். கேக்கில் பேக்கிங் பவுடர் கால் ஸ்பூன் கூடினாலும் தெரியும், ஓவன் கதவை நடுவில் திறந்தாலும் தெரியும். கிரம்பிள் அதையெல்லாம் கண்டுகொள்ளாது. மாவு கொஞ்சம் கூடினால் மேல்பகுதி கொஞ்சம் கனமாக வரும், குறைந்தால் பழம் எட்டிப் பார்க்கும். இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும்.

இது பஞ்ச காலத்துப் பண்டம் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரி 8-ம் தேதி வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. ஒரு ஆளுக்கு வாரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், அதாவது சுமார் 57 கிராம். அதற்குமுன் ஆப்பிளை முழுக்க மாவு உறைக்குள் வைத்து 'பை' (pie) என்ற பண்டத்தைச் சுடுவதுதான் அவர்கள் வழக்கம். அதற்கு அடியிலும் மேலுமாக இரண்டு அடுக்கு மாவு தேவை, கொழுப்பும் நிறையத் தேவை. இருக்கிற வெண்ணெயில் இருக்கிற மாவைப் பிசிறிப் பழத்தின்மேல் மட்டும் தூவினால் போதும் என்கிற இந்த முறை அந்த நாட்களில்தான் வீட்டுக்கு வீடு பரவியது என்பார்கள். ரேஷன் முழுதாக முடிந்தது 1954 ஜூலையில். கிரம்பிள் மட்டும் அதற்குப் பிறகும் போகவில்லை. நான் கீழே சொல்லப்போகிற அளவுக்கு 75 கிராம் வெண்ணெய் வேண்டும். அன்றைக்கு அது ஒருவருடைய ஒரு வார ரேஷனைவிட அதிகம். அதை நினைத்தால் வெண்ணெயை வெட்டும்போது கை தானாகக் கவனமாகிவிடுகிறது.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். கிரம்பிள் நன்றாக வருவதும் வராததும் ஆப்பிளில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் சமையலுக்கென்றே தனி ஆப்பிள் உண்டு. பிராம்லி என்று பெயர். நாட்டிங்ஹாம்ஷைரில் சவுத்வெல் என்ற ஊரில் 1809-ல் ஒரு சிறுமி போட்ட விதையில் முளைத்த மரம் அதன் மூலம். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. சூடுபட்டால் நுரைபோலக் குழைந்துவிடும். அந்தப் புளிப்பை நம்பித்தான் அவர்களுடைய குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. நமக்குக் கிடைக்கிற ஆப்பிள் வேறு ஜாதி. குலு பள்ளத்தாக்கில் ஆங்கிலேயர்கள் முதலில் நட்டவை அவர்கள் ஊர் ரகங்கள்தான், புளிப்பு உள்ளவை. அப்புறம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1904-ல் இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், சிம்லா பக்கம் கோட்கரில் தங்கி, அமெரிக்காவிலிருந்து டெலிஷியஸ் ரகக் கன்றுகளை வரவழைத்து 1910களில் நட்டார். பின்னாளில் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டு, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர் அவர். இமாச்சல மலைச்சரிவுகளில் இனிப்பு ஆப்பிள் பரவியது அவர் நட்ட கன்றுகளில் இருந்துதான். வாங்குகிறவர்களுக்கும் இனிப்புதான் பிடித்தது. இன்றைக்கு நம் தெருவில் தள்ளுவண்டியில் வருகிற சிவப்பு ஆப்பிளில் பெரும்பாலானது அந்த வம்சம்.

அதனால் அப்படியே சாப்பிட அருமை. வேகவைத்தால் வெறும் இனிப்பு மட்டும் நிற்கும். நம் ஊரில் ஆப்பிள் கிரம்பிள் செய்துவிட்டு "ஏதோ குறைகிறது" என்று சொல்பவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் புளிப்புதான். வெளிநாட்டுப் பச்சை ஆப்பிள் வாங்கினால் தீர்ந்துவிடும். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் அதன் விலை நம் ஆப்பிளைவிட வெகு அதிகம், அதுவும் மெழுகு பூசிக் கப்பலில் பல வாரம் பயணம் செய்து வந்தது. அதற்காக நான் காசு கொடுப்பதில்லை. முக்கால் கிலோ ஆப்பிளுக்கு ஒரு பெரிய எலுமிச்சம்பழம் போதும். ஆயுத பூஜைக்கு வண்டிச் சக்கரத்தில் வைக்க வாங்கியதில் மிச்சமாக எப்படியும் நாலைந்து வீட்டில் இருக்கும். இன்னும் நல்ல வழி, பழத்தில் நாலில் ஒரு பங்கு அன்னாசி போடுவது. நன்றாகப் பழுத்த அன்னாசி வேண்டாம், கொஞ்சம் செங்காயாக இருக்க வேண்டும். ஆப்பிளின் வாசனை மென்மையானது, அன்னாசி கூடினால் அதை அமுக்கிவிடும். அதனால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

பூஜைப் பழம் போதாமல் போனால் கடைக்குப் போகவேண்டியதுதான். புரட்டாசி, ஐப்பசியில் ஆப்பிள் கோயம்பேட்டுக்கு லோடு லோடாக வந்து இறங்கும். சிம்லா பக்கத்துச் சரக்கு ஆடியிலேயே ஆரம்பித்துவிடும், ஐப்பசி வாக்கில் குறைந்து, காஷ்மீர் சரக்கு அந்த இடத்தைப் பிடிக்கும். மற்ற மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கில் இருந்து வருவது. எங்களுக்கு மேற்கு மாம்பலம். ஆரிய கவுடா ரோட்டில், மாம்பலம் ஸ்டேஷன் ஓரத்தில், எங்கே பார்த்தாலும் வண்டி நிற்கும்.

"பூஜைக்காக்கா, சாப்பிடவா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"வேகவைக்கணும்ணா."

"ஆப்பிளையா?" ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப பெரிசு எதுக்கு? இந்தச் சின்னக் காய எடுத்துக்க, வெல கம்மி. தட்டிப் பாரு, டொக்குனு கேக்குதா?"

அவர் சொன்னது சரி. சுண்டுவிரல் கணுவால் தட்டினால் கெட்டியான பழம் தெளிவாகச் சத்தம் கொடுக்கும், மாவு பிடித்தது மந்தமாக ஒலிக்கும். சின்னக் காய்க்கும் பெரியதற்கும் ருசியில் வித்தியாசம் இல்லை, வெட்டிப் போடுவதற்கு அளவு எதற்கு? அப்படியே மாவு ஆப்பிள் கலந்து வந்துவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். ஆப்பிள் நாள்பட்டுப்போகும்போது செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் இளகிவிடும். கடிக்கும்போது செல்கள் உடைந்து சாறு விடாமல், தனித்தனியாகப் பிரிந்து வாயில் மாவாக நிற்கிறது. பச்சையாகத் தின்ன அது எரிச்சல்தான். ஓவனில் எல்லாமே குழையப்போகிறது என்பதால் கிரம்பிளுக்குள் அந்தக் குறை காணாமல் போய்விடும். அதனால் கெட்டி ஆப்பிளும் மாவு ஆப்பிளும் பாதிப் பாதி போடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று பாகோடு கரைந்துபோகும், இன்னொன்று துண்டு துண்டாக நிற்கும்.

ஃபிரிட்ஜில் இருக்கிற மற்ற பழங்களையும் பார்த்துவிடலாம்.

கொடைக்கானலிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் வருகிற கெட்டிப் பேரிக்காய் இந்தப் பண்டத்துக்காகவே பிறந்தது. சென்னையில் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. "கல்லு மாதிரி இருக்கு, நறநறங்குது" என்பார்கள். அந்த நறநறப்புக்குக் காரணம் சதைக்குள் அங்கங்கே இருக்கும் கெட்டியான கல் செல்கள். வெந்தாலும் அவை முழுதாகக் கரையாது. ஆனால் சுற்றியுள்ள சதை மெத்தென்று ஆனபிறகு அந்தச் சின்ன நறநறப்பு மேலே இருக்கும் மாவோடு சேர்ந்து நன்றாகவே இருக்கும். வெளிநாட்டு மெல்லிய பேரி ஓவனில் தண்ணீராகிவிடும், இது கடைசி வரை உருக்குலையாது. ஆப்பிளைவிட இதை மெல்லிசாக நறுக்க வேண்டும், வேக நேரம் எடுக்கும்.

கொய்யாவைப் பலர் யோசிப்பதே இல்லை. அதுவும் பெக்டின் நிறைந்த பழம், அதனால் அதன் சாறு தானாகவே ஜாம் பதத்துக்குக் கெட்டிப்படும். விதை மட்டும் வேகாது. பழத்தைப் பாதியாக வெட்டி, நடுச்சதையை ஸ்பூனால் வழித்து எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கரைத்து வடிகட்டினால் விதை போய் மணமான கூழ் கிடைக்கும். அந்தக் கூழை ஆப்பிள் துண்டுகளோடு பிசறிவிடுங்கள். வெளிச்சதையைச் சின்னதாக நறுக்கிச் சேருங்கள். சிவப்புக் கொய்யாவாக இருந்தால் பாகு முழுவதும் ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். ஆப்பிளும் கொய்யாவும் சேர்ந்த கிரம்பிள்தான் என் கணக்கில் முதலிடம். ஆப்பிளுக்கு இல்லாத வாசனையைக் கொய்யா கொடுக்கிறது.

சாத்துக்குடியும் மாதுளையும் இதற்கு வேண்டாம். சாத்துக்குடித் தோலின் மேல்பச்சையை மட்டும் லேசாகத் துருவிச் சேர்க்கலாம், அடியில் இருக்கும் வெள்ளை கசக்கும். வாழைப்பழம் சேர்த்தால் தவறில்லை, ஆனால் அது எல்லாவற்றையும் வாழைப்பழமாக்கிவிடும்.

முதல் வருஷம் நான் தாம்பாளத்திலிருந்து ஆப்பிளை எடுத்தபோது அத்தை கேட்டார்: "சாமிக்கு வெச்ச பழத்த அடுப்புல ஏத்தலாமாம்மா?"

"பழனியில வாழப்பழத்தப் பிசைஞ்சு பஞ்சாமிர்தம் பண்றாங்களே அத்தை."

"அது அபிஷேகத்துக்குன்னே பண்றது. இது பிரசாதம்." கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார்: "மொதல்ல ஆளுக்கு ஒரு துண்டு அப்படியே சாப்பிட்டுடுங்க. பிரசாதம் எடுத்துக்கிட்ட மாதிரி ஆச்சு. மிச்சத்த என்ன வேணா பண்ணு. அழுக விடறதுதான் பாவம்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பழங்களில் இட்ட சந்தனத்தையும் குங்குமத்தையும் முதலில் நன்றாகக் கழுவுவேன். காம்புக் குழியில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால்தான் போகும். பிறகு ஆளுக்கு ஒரு துண்டு. அதன்பிறகுதான் கத்தி.

தோல் சீவ வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். நம் சிவப்பு ஆப்பிளுக்குக் கட்டாயம் சீவ வேண்டும் என்பது என் கட்சி. அதன் தோல் தடிமன், வெந்தபிறகு சுருண்டு தனியாகப் பல்லில் மாட்டும். தோலை எறிய வேண்டாம். இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி எலுமிச்சை பிழிந்தால் வெளிர் ரோஸில் ஒரு பானம் கிடைக்கும். கிரம்பிள் ஓவனில் இருக்கும் நேரத்துக்கு அது சரியாக இருக்கும்.

இப்போது அளவு. எட்டு, ஒன்பது அங்குலக் கண்ணாடித் தட்டு ஒன்றுக்கு, தோல் சீவி விதை நீக்கிய பழம் முக்கால் கிலோ. ஆப்பிளை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் போதும். அதில் ஒரு எலுமிச்சையின் சாறு, மூன்று டேபிள் ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, ஒரு டீஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), இரண்டு சிட்டிகை சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை பட்டைப்பொடி. அன்னாசி சேர்த்தால் சோளமாவு இரண்டு டீஸ்பூன். ஏலக்காயை நான் போடுவதில்லை. போட்டால் சாப்பிடுகிறவர் மனசு நேராகக் கேசரிக்குப் போய்விடும்.

மேல்மாவுக்கு 150 கிராம் மாவு, 75 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரை. இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்தத் தட்டுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த 150 கிராமில் 100 மைதா, 50 பொட்டுக்கடலை மாவு. ஆமாம், பொட்டுக்கடலைதான். ஆயுத பூஜைக்குப் பொரியோடு வந்தது டப்பாவில் மிச்சம் இருக்குமே, அதை மிக்ஸியில் பொடித்துச் சலித்தால் ஆயிற்று. முறுக்குக்கும் தட்டைக்கும் நாம் ஏன் பொட்டுக்கடலை மாவு சேர்க்கிறோம்? கடிக்கும்போது படக்கென்று உடையும் என்பதால். அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது. அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது. கூடவே வறுத்த பருப்பின் வாசனையும் சேர்கிறது. ஓட்ஸ் கிரம்பிள், பாதாம் கிரம்பிள் எல்லாம் செய்து சாப்பிட்டிருக்கிறேன். இந்தப் பொட்டுக்கடலைக்கு அவை ஈடாகாது. சர்க்கரையில் பாதி வெள்ளை, பாதி நாட்டுச்சர்க்கரை. ஒரு கைப்பிடி முந்திரியை ஒன்றிரண்டாக உடைத்துச் சேருங்கள். வெண்ணெய் உப்பில்லாததாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு. உப்புப் போட்ட மஞ்சள் வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

பிசிறுவதில்தான் சென்னை நம்மைச் சோதிக்கும். வெண்ணெய் முப்பத்திரண்டு, முப்பத்தைந்து டிகிரிக்குள் உருகிவிடும். ஐப்பசி மாதத்திலும் நம் சமையலறை, அடுப்பு எரிந்தபிறகு, கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். கைச்சூடும் அதே அளவு. மேஜைமேல் வைத்த வெண்ணெய் இரண்டு நிமிஷத்தில் வழவழவென்று ஆகி, மாவைச் சப்பாத்தி மாவாக மாற்றிவிடும். அதனால் வெண்ணெயைப் பொட்டலத்தோடு ஃப்ரீசரில் அரைமணி நேரம் வைத்து, கேரட் துருவுகிற துருவியில் நேராக மாவுக்குள்ளேயே துருவிவிடுங்கள். மாவுக் கிண்ணத்தையும் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. துருவியதும் விரல் நுனியால் மட்டும் எடுத்து எடுத்து உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, சூடு அங்கேதான் அதிகம். கட்டைவிரல் மற்ற விரல்களின்மேல் தேய்ந்து நகர, மாவு கிண்ணத்துக்குள் மெல்ல உதிரும். முதலில் வெண்ணெய்த் துருவல் வெள்ளை வெள்ளையாகத் தனியே தெரியும். சற்று நேரத்தில் மாவின் வெண்மை மாறி வெளிர்மஞ்சளாகும். கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டு மாவுக்குத் தண்ணீர் தெளித்துப் பதம் பார்க்கிற கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

இப்படிப் பிசிறும்போது வெண்ணெயின் கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றி மூடிக்கொள்கிறது. ஈரம் உள்ளே போக முடியாததால் குளூட்டன் இழையாகப் பின்னிக்கொள்ள வழியில்லை. அதனால்தான் மாவு ரொட்டிபோல இழுபடாமல் பொடபொடவென்று நிற்கிறது. தட்டைக்கு மாவு பிசையும் முன் வெண்ணெயை உதிர்த்துச் சேர்க்கச் சொன்ன நம் பாட்டிமார்களுக்கும் இந்தப் பொடபொடப்புதான் வேண்டியிருந்தது.

நெய்யில் செய்யலாமா? செய்யலாம். வெண்ணெயில் கொழுப்பு எண்பது சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே 75 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 60 கிராம் உறைந்த நெய் போதும். தண்ணீர் இல்லாததால் சின்னச் சின்னக் கட்டிகள் உருவாகாது, மணல்போல நைஸாக வரும். வாசனை நம்மூர் நெய் பிஸ்கட் வாசனை. அத்தைக்கு நெய்யில் செய்ததுதான் பிடிக்கும். எனக்கு அந்தக் கட்டிகள் வேண்டும், அதனால் வெண்ணெய்.

பழத்தின்மேல் மாவைத் தூவும்போது அழுத்தாதீர்கள். மேட்டுப்பள்ளமாகவே இருக்கட்டும், மேடுகள் நன்றாகச் சிவக்கும். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனில் மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டையும் போட்டு, 180 டிகிரியில் பத்து நிமிஷம் முன்சூடு செய்து, நடுத்தட்டில் வையுங்கள். நாற்பது நிமிஷம். நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நாட்டுச்சர்க்கரை சேர்ந்த மாவு அரைமணி நேரத்திலேயே சிவந்துவிடும், உள்ளே ஆப்பிள் அரைவேக்காடாக இருக்கும். ஓரத்தைப் பாருங்கள். முதலில் தட்டின் விளிம்பில் தண்ணீர்போலச் சாறு தெரியும், சின்னச் சின்னக் குமிழ்கள் வேகவேகமாக வந்து உடையும். அப்புறம் அது கெட்டிப்பட்டு, குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக எழும்பி, உடைவதற்கு முன் ஒரு நொடி தயங்கும். சோளமாவு கொதிநிலையை நெருங்கினால்தான் முழுதாகக் கெட்டியாகும், அந்தச் சோம்பல் குமிழ்கள் அது நடந்துவிட்டதற்கு அடையாளம். அப்போது எடுக்க வேண்டும். அதற்குள் மேலே கருக ஆரம்பித்தால் ஒரு அலுமினியத் தாளை மூடி வைத்துத் தொடருங்கள்.

மழைக்காலத்தில் இதைச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரம் ஓவன் ஓடினால் சமையலறையில் நிற்க முடியாது. ஐப்பசியில் துவைத்த துணி காயாமல் ஹாலில் தொங்கிக்கொண்டு, சுவரெல்லாம் ஓதம் பிடித்து, துரைசாமி சப்வேயில் தண்ணீர் நிற்கிறது என்று யாரோ போன் செய்துகொண்டிருக்கும்போது, ஒரு மூலையில் ஓவன் சூடாக எரிவதும், சுக்கும் பட்டையும் வெண்ணெயும் சேர்ந்த வாசனை வீட்டைச் சுற்றி வருவதும் அவ்வளவு ஆறுதலாக இருக்கும். நடுவில் கரண்ட் போனாலும் கவலை இல்லை. கேக்காக இருந்தால் அமுங்கிவிடும். கிரம்பிளுக்குக் கதவைத் திறக்காமல் விட்டால் போதும், உள்ளிருக்கும் சூட்டிலேயே பழம் வெந்துகொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் மீண்டும் போட்டு மேலே சிவக்க விடலாம்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பைப் பரப்பிச் செய்கிற முறையை நம்ப வேண்டாம் என்பேன். கேக்குக்கு அது சரி. கிரம்பிளுக்கு மேலிருந்து சூடு வேண்டும், குக்கரில் நீராவி மேல்மூடியில் பட்டுச் சொட்டி மாவை ஈரமாக்கிவிடும். அதைவிட இரண்டையும் பிரித்துவிடுங்கள். அடிகனமான வாணலியில் பழத்தை மூடிபோட்டுச் சின்னத் தீயில் வேகவைத்து, கடைசியில் திறந்து பாகு கெட்டிப்படும்வரை கிண்டாமல் விடுங்கள். பிசிறிய மாவை இன்னொரு வாணலியில், ரவை வறுக்கிற பக்குவத்தில், சின்னத் தீயில் பதினைந்து நிமிஷம் புரட்டிப் புரட்டிச் சிவக்க வறுங்கள். அடுப்பை அணைத்தபிறகு அகலமான தட்டில் கொட்டி ஆறவிட்டால்தான் மொறுமொறுப்பு வரும். பரிமாறும்போது பழத்தின்மேல் தூவிக்கொள்ளலாம். ஓவனில் வருகிற மாதிரி பாகும் மாவும் சந்திக்கிற அந்தப் பாதி ஊறிய அடுக்கு இதில் கிடைக்காது. ஆனால் மேல்மாவின் மொறுமொறுப்பு ஓவனில் வந்ததைவிட அதிகமாகவே இருக்கும்.

எடுத்தவுடன் சாப்பிட வேண்டாம், பாகு வாயைச் சுட்டுவிடும். இருபது நிமிஷம் ஆறினால் பாகும் இறுகும். வனிலா ஐஸ்க்ரீம் வைத்துச் சாப்பிடுவது எல்லோருக்கும் தெரிந்தது, பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு அதைவிடப் பிடிக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சி, ஆடையோடு ஆறவைத்து, கிரம்பிளின் ஓரத்தில் ஊற்றிக்கொள்வது. சர்க்கரை சேர்க்காத பால். புளிப்பும் இனிப்புமான சூட்டுப் பாகில் அந்தப் பால் கோடுகோடாக இறங்கும். அத்தை அதைச் சின்னக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். "ஆப்பிளு இவ்ளோ ருசின்னு எனக்குத் தெரியாது" என்றார் ஒரு தடவை. எழுபது வயது தாண்டியவர், பூஜைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்குகிற பழமாகவே அதைப் பார்த்து வளர்ந்தவர்.

மிஞ்சினால் மூடி வைக்காதீர்கள். நம் ஊர் மழைக்காலத்து ஈரக்காற்றில் மேல்மாவு ஒரே இரவில் பதத்துப்போகும், மூடினால் பாகின் நீராவியும் சேர்ந்துகொள்ளும். நன்றாக ஆறியபிறகு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஓடிஜியில் பத்து நிமிஷம் சூடாக்கினால் மொறுமொறுப்பு பாதிக்கு மேல் திரும்பிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் மாவு மெத்தென்று ஆகிவிடும், அது வேண்டாம்.

பிசிறிய மாவை மட்டும் இரண்டு பங்காகச் செய்து, பாதியை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் தாங்கும். உதிரியாகவே இருக்கும் என்பதால் ஸ்பூனால் அள்ளி நேராகப் பழத்தின்மேல் போடலாம், இளக விட வேண்டியதில்லை. தீபாவளி முடிந்து, லட்டும் மைசூர்பாகும் சலித்துப்போன வாரத்தில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால், தெருமுனையில் நாலு பேரிக்காய் வாங்கிவந்து வெட்டிப்போட்டால் ஆயிற்று. பேரிக்காய்க்கு மட்டும் எலுமிச்சையை இன்னும் அரைமூடி கூட்டிப் பிழியுங்கள்.